குறியீடும் காலடித் தடமும்

ஒரு பொருளுக்குப் பெயர் இருப்பது வேறு. அப்பொருள் நிற்பதற்கு இடம் இருப்பது வேறு. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயர் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால், அம்மாணவன் அமர்வதற்கு வகுப்பறையில் மேசையும் நாற்காலியும் வேண்டும். அவை அவன் உயரத்திற்கு ஏற்றவையாகவும் இருத்தல் வேண்டும். பதிவேட்டைப் பார்த்து நாற்காலி செய்ய இயலாது. நாற்காலியைப் பார்த்துப் பெயரை அறியவும் இயலாது. இரண்டையும் பொருத்திப் பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

மின்னணுக் கருவிகளை வடிவமைப்போரும் இத்தகைய இரட்டை நிலையையே எதிர்கொள்கின்றனர். அவர்கள் முதலில் வரைவது சுற்று வரைபடம். எந்த உறுப்பு எந்த உறுப்போடு இணைகிறது என்பதை மட்டுமே அது கூறும். உறுப்பின் பருமன், கால்களின் இடைவெளி, அது நிற்கும் திசை ஆகியவற்றைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு குறியீடாக மட்டுமே வாழ்கிறது. அவர்கள் இரண்டாவதாக வரைவது சுற்றுப்பலகையின் வரைபடம். அங்கே பொருளின் உடலே முதன்மையானது. ஓர் உறுப்பைப் பலகையில் பற்றவைப்பதற்காக அமைக்கப்படும் துளைகளும் செப்புத் திட்டுகளும் சேர்ந்த அமைப்பே அவ்வுறுப்பின் காலடித் தடம் எனப்படுகிறது. ஈரமணலில் பதிந்த காலடியைக் கண்டு நடந்தவரின் கால் அளவை அறிவது போல, இத்தடத்தைக் கண்டு எவ்வகை உறுப்பு இங்கு நிற்கும் என அறியலாம்.

குறியீட்டையும் தடத்தையும் ஒன்றோடொன்று இணைப்பது இன்றைய கணினி மென்பொருளில் சில நொடிகளில் முடியும் வேலை. ஆயினும், அச்சிறு வேலைக்குப் பின்னால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்கால வரலாறு மறைந்து நிற்கிறது. மனிதரின் நினைவில் இருந்த ஓர் அறிவு எவ்வாறு பட்டியலாகி, பின்னர் நூலகமாகியது என்பதே அவ்வரலாறு.

குறியீட்டின் பிறப்பு

குறியீடுகள் யாவும் தொடக்கத்தில் படங்களே. மின்கலத்தைக் குறிக்கும் நெடுங்கோடும் குறுங்கோடும், 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா உலகிற்கு அறிவித்த தட்டடுக்கு மின்கலத்தை நினைவூட்டுகின்றன. மின்தடையைக் குறிக்கும் வளைந்து நெளிந்த கோடு, நீண்ட கம்பியை மடக்கி வைத்த தோற்றத்தைத் தருகிறது. காலப்போக்கில் பொருள்கள் மாறின. குறியீடுகளோ மாறாது நின்றுவிட்டன.

இதற்கு டிரான்சிஸ்டரின் குறியீடு சிறந்த சான்றாகும். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் உருவாக்கிய முதல் டிரான்சிஸ்டரில், ஜெர்மானியத் துண்டு ஒன்றின்மீது இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. இன்றும் வரைபடத்தில் டிரான்சிஸ்டரை வரைவோர் ஒரு நேர்கோட்டின்மீது இரண்டு சாய்வுக்கோடுகள் தொட்டு நிற்பதாகவே வரைகின்றனர். அத்தகைய முனைத்தொடர்பு டிரான்சிஸ்டர்கள் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தன. ஆனால், அவற்றின் உருவம் குறியீட்டில் நிலைத்துவிட்டது.

குறியீடு நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் உண்டு. மின்தடையை அமெரிக்கர் நெளிகோடாக வரைய, அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் அதனை ஒரு நீள்சதுரமாக வரைகிறது. உருவம் எதுவாயினும் கருத்து ஒன்றே. ஆகவே, குறியீடு என்பது ஓர் உறுப்பின் செயலைச் சொல்லும் எழுத்து. அதன் உடலைச் சொல்லும் படம் அன்று.

துளைகளின் வருகை

வானொலிப் பெட்டிகள் பரவத் தொடங்கிய காலத்தில் காலடித் தடம் என்ற சிக்கலே எழவில்லை. உலோகச் சட்டத்தின்மீது வால்வுகளைப் பொருத்தி, அவற்றிற்கிடையே மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் தொங்கவிட்டுக் கம்பிகளால் பற்றவைப்பது அன்றைய வழக்கம். உறுப்பின் கால் நீண்டிருந்தால் தொழிலாளி அதனை வெட்டினார்; குட்டையாக இருந்தால் கம்பியை ஒட்டினார். கைக்கு ஏற்பப் பொருள் வளைந்து கொடுத்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பால் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதரான அவர், நாட்டில் தலையெடுத்த யூத வெறுப்பால் வாழ வழியின்றி 1936இல் இங்கிலாந்து சென்றார். காப்புப் பலகையின்மீது செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத பகுதிகளை அரித்து நீக்கி, எஞ்சிய செப்புக் கோடுகளையே கம்பிகளாகப் பயன்படுத்தும் எண்ணம் அவருடையது. அம்முறையில் வானொலி ஒன்றை அவர் செய்துகாட்டினார். தொழில் உலகம் உடனே அதனை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, பகைப் பொருளை நெருங்கும்போது தானே வெடிக்கும் குண்டுகளுக்கான சிறு மின்சுற்றுகளை அமெரிக்கர் பெருந்தொகையில் செய்ய வேண்டியிருந்தது. அப்போதுதான் அச்சிட்ட சுற்றுகளின் பயன் தெளிவாயிற்று.

1949இல் அமெரிக்கப் படையின் தகவல் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த ஏப்ராம்சன், டான்கோ ஆகிய இருவரும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். உறுப்புகளின் கால்களைப் பலகையின் துளைகளில் செருகி, பலகையின் அடிப்புறத்தை உருகிய பற்றாசில் ஒருமுறை தோய்த்தெடுத்தால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் என்பதே அவர்கள் கண்ட முறை.

இம்முறை பரவியதும் தொழிலின் இயல்பே தலைகீழாயிற்று. முன்னர்ப் பொருள் வந்தபின் அதற்கு இடம் தேடினர். இப்போது பொருள் வருமுன்னரே அதற்குரிய துளை துளைக்கப்பட்டிருக்க வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கால் நுழையாது. அன்று முதல், ஒவ்வோர் உறுப்பின் கால் அளவையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது வரைவாளரின் கடமை ஆயிற்று. காலடித் தடத்தின் பிறப்பு இதுவே எனலாம்.

ஒளிமேசைக் காலம்

1950களிலும் 1960களிலும், அதன்பின் நெடுங்காலமும் பலகை வரைதல் ஒரு கைத்தொழிலாகவே விளங்கியது. கீழே விளக்கெரியும் கண்ணாடி மேசையின்மீது, சுருங்கி விரியாத பாலியெஸ்டர்த் தாள் விரிக்கப்படும். உண்மை அளவைப்போல் இருமடங்கிலோ நான்கு மடங்கிலோ வரைபடம் அமைக்கப்படும். செப்புக் கோடுகளுக்குப் பதிலாகக் கறுப்பு ஒட்டுநாடாவும், துளைகளைச் சுற்றியுள்ள திட்டுகளுக்குப் பதிலாக வட்ட வடிவ ஒட்டுத்துண்டுகளும் ஒட்டப்படும். பின்னர் அதனைப் புகைப்படம் எடுத்து உண்மை அளவிற்குச் சுருக்குவர். இருபுறமும் செப்புள்ள பலகையாயின், ஒரு புறத்திற்குச் சிவப்பு நாடாவும் மறுபுறத்திற்கு நீல நாடாவும் ஒட்டி, வண்ணக் கண்ணாடி வழியே படமெடுத்து இருபுறங்களையும் பிரித்தெடுப்பதும் உண்டு.

அக்காலத்தில் குறியீட்டையும் தடத்தையும் இணைத்த பாலம் எது? வரைவாளரின் நினைவுதான். பொறியியலாளர் தந்த சுற்று வரைபடம் மேசையின் ஒருபுறம் கிடக்கும். உறுப்பு உற்பத்தியாளர்களின் விவரக் கையேடுகள் மறுபுறம் அடுக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் ஒரு மின்தேக்கியின் குறியீட்டைக் கண்டவுடன், எந்த வகை மின்தேக்கி, அதன் கால்களுக்கிடையே எத்தனை அங்குலம் என்பதைக் கையேட்டில் பார்த்தோ பட்டறிவால் நினைவுகூர்ந்தோ வரைவாளர் முடிவு செய்வார். அடிக்கடி வரும் உறுப்புகளின் தடங்கள் முன்னரே அச்சிடப்பட்ட ஒட்டுத்தாள்களாகக் கடையில் கிடைத்தன. பின்னாளில் தோன்றிய கணினி நூலகத்திற்கு அவற்றை முன்னோடி எனலாம்.

பலகை வரைந்து முடிந்ததும் சரிபார்க்கும் பணி தொடங்கும். ஒருவர் வரைபடத்தில் ஓர் இணைப்பைப் படிப்பார். மற்றவர் பலகையில் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பார். கண்டவுடன் வண்ணப் பென்சிலால் அக்கோட்டின்மீது தீட்டுவார். எல்லாக் கோடுகளும் வண்ணம் பெற்றால் பலகை சரி. வண்ணம் பெறாத கோடு ஒன்று எஞ்சினாலும் பிழை. பொறுமையும் கண்பார்வையுமே அன்றைய காப்பு. ஒரு நல்ல வரைவாளர் ஓய்வு பெற்றபோது, அவர் தலைக்குள் இருந்த நூலகமும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

பதினான்கு கால்கள்

குறியீட்டிற்கும் தடத்திற்கும் உள்ள உறவு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தவரை, நினைவே போதுமானதாக இருந்தது. தொகுப்புச் சுற்றுகள் வந்தபின் அவ்வுறவு சிக்கலாயிற்று.

1964இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் இருவரிசைக் கால்களுடைய உறை உருவாக்கப்பட்டது. கரிய நிறத்தில், மரவட்டைபோல் இருபுறமும் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அவ்வடிவம் பின்னர் உலகெங்கும் பழக்கமானது. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே பத்தில் ஓர் அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர். பதினான்கு கால் உறையில் இரு வரிசைகளுக்கிடையே பத்தில் மூன்று அங்குலம். இந்த அளவே பின்னர்ப் பலகை வரைவோரின் அடிப்படைக் கட்டமாயிற்று.

இதே காலத்தில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 7400 என்னும் தொகுப்புச் சுற்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரே உறைக்குள் ஒரே வகையான நான்கு தருக்க வாயில்கள் அதில் அடங்கியிருந்தன. சுற்று வரைபடத்தில் அந்நான்கும் தனித்தனிக் குறியீடுகள். ஒன்று தாளின் தலைப்பிலும் மற்றொன்று அடியிலும் இருக்கலாம். பலகையிலோ அவை யாவும் ஒரே உடல். முதல் வாயிலுக்கு 1, 2, 3 ஆகிய கால்கள், இரண்டாம் வாயிலுக்கு 4, 5, 6 ஆகிய கால்கள், இவ்வாறே ஏனையவும். மின்சாரம் 14ஆம் காலில் நுழைந்து 7ஆம் காலில் வெளியேறும். வரைபடத்தில் அவ்விரு கால்களையும் பலர் வரைவதே இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவர்.

ஆனால், எல்லோருக்கும் தெரிந்தது என்பதே இடர்மிக்கது. இதே வாயில்களைக் கொண்டு படைத்துறைப் பயனுக்காகச் செய்யப்பட்ட 5400 என்னும் சுற்று, தட்டையான வேறோர் உறையிலும் வந்தது. அத்தட்டை உறையில் மின்சாரம் நுழைவது 4ஆம் கால். வெளியேறுவது 11ஆம் கால். குறியீடு ஒன்றே, செயலும் ஒன்றே; உடல் மாறியதும் கால்களின் எண்கள் மாறிவிட்டன. ஆகவே, இக்குறியீட்டிற்கு இத்தடம் என்று மட்டும் சொன்னால் போதாது. குறியீட்டின் எந்த முனை தடத்தின் எந்தத் திட்டில் அமரும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும் என்ற உண்மை தெளிவாயிற்று.

இவ்வுறைகளின் வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உரிய பங்கு உண்டு. 1960களின் இறுதியில் சிங்கப்பூரிலும், 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் தொகுப்புச் சுற்றுகளுக்கு உறையிடும் ஆலைகளை நிறுவின. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அமைத்ததும் அதே 1972இல் பினாங்கில்தான். மயிரிழையினும் மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியின் வழியே பார்த்து, சில்லின் ஓரத்திலிருந்து கால்களுக்கு இணைத்தவர்கள் பல இனங்களையும் சேர்ந்த இளம்பெண்கள். அவர்கள் கை வழியே வெளிவந்த கால்களுக்காகத்தான் உலகின் வரைவாளர்கள் துளைகளை வரைந்துகொண்டிருந்தனர்.

பட்டியல் எனும் பாலம்

குறியீட்டுக்கும் தடத்துக்கும் இடையே நினைவுக்குப் பதிலாக எழுத்தை வைக்கும் முயற்சி, இணைப்புப் பட்டியல் என்ற வடிவில் தோன்றியது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் வழங்கப்பட்டது. மின்தடைகள் ஆர்1, ஆர்2 எனவும், மின்தேக்கிகள் சி1, சி2 எனவும், தொகுப்புச் சுற்றுகள் யு1, யு2 எனவும் பெயர் பெற்றன. யு1 என்பதன் 3ஆம் கால், ஆர்2 என்பதன் 1ஆம் காலோடு இணைகிறது என்று வரிவரியாக எழுதினால் சுற்று வரைபடம் முழுவதும் ஒரு பட்டியலாகிவிடும். கம்பி சுற்றும் எந்திரங்கள் துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்ட இத்தகைய பட்டியல்களைக் கொண்டே இயங்கின. எந்திரத்திற்கு ஓவியம் புரியாது, எண்கள் புரியும்.

வரைபடத்தையே எந்திரத்திற்குப் புரியவைக்கும் வழியை 1963இல் ஐவன் சதர்லாண்டு என்னும் ஆய்வு மாணவர் காட்டினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் அவர் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருளில், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகள் வெறும் கோடுகளாக இருக்கவில்லை. மூலப்படம் ஒன்றை வரைந்து, அதன் படிகளைப் பல இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லாப் படிகளும் தாமே திருந்தும். குறியீட்டை இடம் மாற்றினால் அதனோடு இணைந்த கோடுகளும் உடன் வரும். மின்சுற்று வரைபடங்களும் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் அடங்கும். குறியீட்டு நூலகம் என்ற எண்ணத்தின் வித்து அங்கே விழுந்தது.

பலகை வரைபடத்தை ஒளியால் தாளில் தீட்டும் எந்திரங்களை அமைத்துத் தந்தவர் ஜோசப் கெர்பர். இவரும் 1924இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்தவர். இன்றும் பலகை செய்யும் ஆலைகளுக்கு அனுப்பப்படும் கோப்புகள் கெர்பர் கோப்புகள் என்றே அழைக்கப்படுகின்றன. ஐஸ்லரும் கெர்பரும் ஒரே நகரம் துரத்திவிட்ட இரு பிள்ளைகள். அந்நகரம் இழந்ததை உலகம் பெற்றது.

மேசைக்கு வந்த கணினி

1980களின் தொடக்கம் வரை இவ்வசதிகள் பெரிய நிறுவனங்களுக்கே எட்டும் பொருளாக இருந்தன. தனிக்கணினியின் வரவு அந்நிலையை மாற்றியது. 1985இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓர்கேட் நிறுவனமும், அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் நிக் மார்ட்டின் தொடங்கிய புரோட்டெல் நிறுவனமும் தோன்றின. 1988இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் ஈகிள் என்னும் மென்பொருளை வெளியிட்டது. 1992இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் கல்லூரி ஆசிரியரான ஷான் பியேர் ஷராஸ், கிகேட் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். எவரும் விலையின்றிப் பெற்று, திருத்தி, பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் கொள்கை. 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வுக் கூடமான செர்ன் அதன் வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தது.

இம்மென்பொருள்கள் யாவும் சுற்று வரைபடத்திலிருந்து இணைப்புப் பட்டியலைத் தாமே தயாரித்தன. விட்டுப்போன கோட்டை வண்ணப் பென்சிலால் தேடும் வேலை மறைந்தது. பலகை வரைவோர் வசதிக்காக 7400இன் ஒரு வாயிலுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தினால், அம்மாற்றம் சுற்று வரைபடத்திற்கும் திரும்பிச் செல்லும் வழி பின்னர் உருவாயிற்று. ஆனால், ஒரு வினா மட்டும் எஞ்சி நின்றது: குறியீட்டுக்கு எந்தத் தடம் என்பதை எப்போது, யார் முடிவு செய்வது?

இரு கொள்கைகள்

இவ்வினாவுக்கு இரு விடைகள் தோன்றின. தொடக்கத்திலேயே கட்டிவிடுவது முதல் கொள்கை. ஈகிள் மென்பொருளின் நூலகத்தில் குறியீடு, உறை ஆகிய இரண்டும் தனித்தனியே வரையப்பட்டு, பின்னர் மூன்றாவது பதிவொன்றில் அவை இணைக்கப்பட்டன. குறியீட்டின் இந்த முனை உறையின் இந்தத் திட்டுக்கு உரியது என்று ஒவ்வொன்றாக உறுதி செய்தபின்னரே அந்த உறுப்பு பயன்பாட்டுக்கு வரும். வரைபடத்தில் உறுப்பை வைக்கும்போதே அதன் உடலும் உடன் வந்துவிடும்.

முதலில் கருத்தை மட்டும் வரைந்து, உடலைப் பின்னர்த் தேர்வது இரண்டாவது கொள்கை. கிகேட் இவ்வழியைத் தன் தொடக்கக் காலத்திலேயே ஏற்றது. வரைபடம் முடிந்தபின், சிவிபிசிபி என்னும் தனிக்கருவி எல்லா உறுப்புகளையும் ஒரு பட்டியலாகக் காட்டும். இடப்புறம் தட நூலகங்கள், நடுவில் உறுப்புகள், வலப்புறம் பொருந்தக்கூடிய தடங்கள் என மூன்று நிரல்கள். கால்களின் எண்ணிக்கையைக் கொண்டும், குறியீட்டோடு எழுதப்பட்டுள்ள வடிகட்டிச் சொற்களைக் கொண்டும் பொருந்தாத தடங்களை அக்கருவி ஒதுக்கித் தரும். எஞ்சியவற்றுள் ஒன்றை மனிதர் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பின்வந்த பதிப்புகளில், குறிப்பிட்ட ஓர் உறுப்புக்கே உரிய குறியீடுகளில் தடத்தின் பெயரையும் முன்னதாகவே எழுதிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. மின்தடை, மின்தேக்கி போன்ற பொதுக்குறியீடுகளுக்கோ அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டது.

இரண்டு கொள்கைகளுக்கும் நியாயம் உண்டு. ஒரே பலகையை ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலை முதல் வழியையே விரும்பும். ஒருமுறை சரிபார்த்த இணைப்பை மீண்டும் தொடாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. உறுப்பை வாங்கும் எண்ணையும் உற்பத்தியாளர் பெயரையும்கூட அதனோடு சேர்த்துக் கட்டிவிடுவர். இழுப்பறையில் இருக்கும் உறுப்புகளைக் கொண்டு ஒரு மாதிரியைச் செய்ய முனையும் மாணவனுக்கோ இரண்டாவது வழியே உதவும். ஒரே சுற்றை இன்று துளைவழி உறுப்புகளாலும் நாளை பலகைமேல் ஒட்டும் சிறு உறுப்புகளாலும் அவன் செய்து பார்க்கலாம். முதல் வழியில் சுதந்திரம் குறைவு. இரண்டாம் வழியில் பொறுப்பு மிகுதி.

எந்திரம் அறியாத பிழை

எவ்வழியாயினும், எந்திரம் சரிபார்ப்பது பெயரையும் எண்ணையும் மட்டுமே. குறியீட்டில் 1 என்று எழுதப்பட்ட முனை, தடத்தில் 1 என்று எழுதப்பட்ட திட்டோடு இணையும். அந்த எண் உண்மையான பொருளின் காலோடு ஒத்துப்போகிறதா என்பது எந்திரத்திற்குத் தெரியாது.

டிரான்சிஸ்டர் ஒன்றை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வழக்கில் பரவிய 2என்3904, ஐரோப்பிய வழக்கில் பரவிய பிசி547 ஆகிய இரண்டும் ஒரே குறியீட்டால் குறிக்கப்படுபவை. ஒரே வகைப் பிளாஸ்டிக் உறையில் வருபவை. தட்டையான முகத்தை முன்னோக்கி வைத்துக் கால்களைக் கீழ்நோக்கிப் பிடித்தால், முதலாவதன் கால்கள் இடமிருந்து வலமாக உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என நிற்கும். இரண்டாவதிலோ ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என வரிசை தலைகீழாகும். ஒன்றுக்கு மற்றொன்றின் இணைப்பைக் கொடுத்தால் மென்பொருள் ஒரு குறையும் சொல்லாது. பலகையும் அழகாகவே அச்சாகி வரும். மின்சாரம் கொடுத்தபின் சுற்று முற்றிலும் இறந்து கிடப்பதும் இல்லை, நொண்டி நடக்கும். அதனால் பிழை எங்கே என்று கண்டறிவது மேலும் கடினமாகிறது.

டையோடின் நிலையும் இத்தகையதே. ஒரு நூலகம் அதன் முனைகளை 1, 2 என எண்ணால் அழைக்கும். மற்றொன்று எழுத்துகளால் அழைக்கும். எண்ணால் அழைத்தாலும் எந்த முனை 1 என்பதில் இருவேறு வழக்கங்கள் இருந்தன. எதிர்மின் முனையே 1 என்ற முறை கிகேட் நூலகத்தில் விதியாக எழுதப்பட்டதற்கு இக்குழப்பமே காரணம்.

அளவுப் பெயர்களும் ஏமாற்றும். பலகைமேல் ஒட்டும் சிறு மின்தடைகளை 0603 போன்ற நான்கு இலக்கங்களால் அழைப்பது வழக்கம. அங்குல முறையில் 0603 என்றால் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8 மில்லிமீட்டர். மெட்ரிக் முறையில் அதே 0603 என்றால் நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு. பெயர் ஒன்று, பொருளோ யானையும் பூனையும்.

இத்தகைய குழப்பங்களைக் குறைக்கவே பொதுத்தரங்கள் எழுந்தன. 1957இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.பி.சி. என்னும் அமைப்பு, ஒட்டும் உறுப்புகளின் தடங்களுக்கென 1987இல் ஒரு தரத்தை வெளியிட்டது. 2005இல் அதற்குப் பதிலாக ஐ.பி.சி.-7351 வந்தது. உறுப்பின் அளவு, உற்பத்தியில் ஏற்படும் சிறு வேறுபாடு, பற்றாசு ஏறி நிற்க வேண்டிய இடம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திட்டின் அளவைப் பெறும் முறையையும், தடங்களுக்குப் பெயரிடும் முறையையும் அது வகுத்தது. ஒளிமேசை வரைவாளர் பட்டறிவால் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு எழுத்தில் ஏறியது. அந்த அளவில் அது பெரும் வெற்றியே. வரைவாளர் ஓய்வு பெற்றாலும் அவர் கற்றது இனி வீட்டுக்குப் போகாது. விலையின்றிக் கிடைக்கும் நூலகத்தின் வழியே ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவனின் கைக்கும் அது வந்து சேரும்.

எஞ்சி நிற்கும் கடமை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். குறியீட்டுக்கும் தடத்துக்கும் இடையேயான இணைப்பு மறைந்துபோகவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. முதலில் தொழிலாளியின் கையில் இருந்தது. பின்னர் வரைவாளரின் தலையில் இருந்தது. அதன்பின் பட்டியலில் இருந்தது. இன்று நூலகக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வோர் இடமாற்றத்திலும் உழைப்பு குறைந்தது. கூடவே, பிழையின் வீச்சு பெருகியது. ஒளிமேசையில் ஒருவர் செய்த தவறு ஒரு பலகையைக் கெடுத்தது. நூலகத்தில் ஒருவர் செய்யும் தவறோ அந்நூலகத்தை நம்பிய அனைவர் பலகையிலும் மறுபதிப்பாகும்.

பிறர் எழுதிய நூலகத்தைப் பயன்படுத்துவதில் இழுக்கில்லை. படிக்காமல் பயன்படுத்துவதே இழுக்கு. உற்பத்தியாளரின் விவரத்தாளை எடுத்து, கால்களின் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், ஒளிமேசைக் காலத்து வண்ணப் பென்சிலின் வாரிசு. அதனைக் கைவிட்டவருக்கு எந்த மென்பொருளும் துணைநிற்காது.

அனுபவம் மிக்க வடிவமைப்பாளர்களிடம் இன்றும் காணப்படும் ஓர் எளிய வழக்கம் இங்குக் குறிப்பிடத்தக்கது. கணினியின் சோதனைகள் அனைத்தும் முடிந்தபின், பலகையின் வரைபடத்தை உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு எடுப்பார்கள். தாளை மேசையில் விரித்து, டிரான்சிஸ்டரையும் டையோடையும் தொகுப்புச் சுற்றையும் கையில் எடுத்து, ஒவ்வொன்றின் காலையும் அதற்குரிய தடத்தின்மீது வைத்துப் பார்ப்பார்கள். கால் திட்டில் சரியாக அமர்ந்தால் மட்டுமே கோப்பு ஆலைக்குச் செல்லும். சில காசு விலையுள்ள அந்தத் தாளின்மீதுதான் குறியீடும் பொருளும் முதன்முறையாக நேரில் சந்திக்கின்றன.